குடும்பயோகம் ஒத்திவைத்த ஊசி

புளிமூட்டில் வீடு, பாலா
துலாம் (ஐப்பசி) மாதத்து மழை நாள்

மரியாதைக்குரிய அன்னக்குட்டி சேச்சிக்கு,

தம்பி குரியாச்சன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் விறைத்துப் போகாமலிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். குரல் செய்தி அனுப்பாமல் காகிதத்தில் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். குரல் செய்தி என்றால் பாதி கேட்பதற்குள் நீ பதில் அனுப்பிவிடுவாய். காகிதத்துக்குக் குறுக்கே உன்னால் பேச முடியாது.

டின்சிக்கு ஊசியை எப்போது ஆரம்பிக்கிறாய் என்று விடாமல் கேட்கிறாய். நீ பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ், இந்த ஊசியை உன் கையாலேயே எத்தனையோ வெள்ளைக்காரர்களுக்குப் போட்டவள், எல்லாம் சரி. ஆனால் அவர்களில் யாரும் என் மகள் இல்லையே. எங்கள் டாக்டரும் உன் கட்சிதான். குடலைப் புண்ணாக்குகிற இந்தக் கிரோன்ஸ் நோயில், உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே சொந்தக் குடலைத் தாக்குகிறதாம். அதை அடக்கத்தான் ஊசியாம். அடக்கிவிட்டால் வேறு கிருமி வந்தால் யார் தடுப்பது என்று கேட்டேன். "அதுக்குத்தான் அடிக்கடி பரிசோதனை பண்ணிப் பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார். பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். என் மகள் என்ன கிரிக்கெட் ஆட்டமா?

இவ்வளவு பெரிய விஷயத்தை நான் ஒருவனாக முடிவு செய்யலாமா? அதனால் ஓணத்துக்கு முன்பு நம் குடும்பயோகத்தில் வைத்தேன். ஆண்டுக்கொரு முறை நம் தறவாட்டுப் பங்காளிகளெல்லாம் கூடுகிற சபை. அதற்குத் தலைவர், செயலாளர் எல்லாம் எதற்கு இருக்கிறார்கள்? புதிய பேனர் அடிப்பதற்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி சொல்வதற்கும் நடுவில் டின்சியின் குடலைச் சேர்த்தார்கள். மருந்துப் பெட்டியில் வருகிற காகிதத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். பிரித்தால் கட்டில் விரிப்பு அளவு இருந்தது. ஊருக்கே பெரியப்பாவான செயலாளர் மாத்துக்குட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாதா கோயிலில் பைபிள் நிருபம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். தலைவலி என்றதும் இருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்கள். காசநோய் என்றபோது பின்வரிசையில் இருமல் கேட்டது. "மிக அரிதாக, புற்றுநோய்" என்றதும் சபை முழுவதும் "ஈசோயே!" என்று கர்த்தரைக் கூப்பிட்டது. 'மிக அரிதாக' என்பதை யாரும் காதில் வாங்கவில்லை, நானும்தான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டின்சி அப்போது எழுந்தாள். ஊசி வேண்டுமென்று முதலிலிருந்தே சொல்பவள்.

"பெரியப்பா, நோய்க்கும் இப்படி ஒரு காகிதம் அச்சடிச்சிருந்தா அதையும் வாசிங்களேன்."

"நோய்க்கு ஏது மோளே காகிதம்?"

"அப்ப நானே சொல்றேன். மருந்து போடலன்னா குடல் சுருங்கிப் போகும். அடைச்சுக்கும், ஓட்டை விழும். அப்புறம் வெட்டி எடுக்கணும். மிக அரிதாவெல்லாம் இல்ல பெரியப்பா, நெறைய பேருக்கு. இந்தக் கணக்கையும் எழுதிக்குங்க."

குடலில் புண் இருந்தாலும் பெண்ணின் நாக்கு நல்ல ஆரோக்கியம். பெரியப்பா அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. பெண்பிள்ளைகள் உறுப்பினர்களே அல்லவே. பீடியைக் காதில் செருகியிருந்த பாப்பச்சன், புற்றுநோய் வரக்கூடிய எதையும் நம் குடும்பம் தொடக் கூடாது என்று முன்மொழிந்தான். ஹெல்மெட்டில்லாமல் மழையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய நான் வழிமொழிந்தேன். ஊசி அடுத்த யோகம் வரை ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை வயிற்றுக்குக் கூவைக்கிழங்குப் பொடிக் கஞ்சியும் புனித அந்தோணியாருக்கு நொவேனா ஜெபமும். பிறகு இறைச்சி பரிமாறினார்கள்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "ரப்பருக்கு மருந்தடிக்கிறப்ப டப்பால என்ன எழுதியிருக்குன்னு என்னைக்காவது வாசிச்சியாடா?" என்று போன வாரம்கூடக் கேட்டாய். சேச்சி, ரப்பர் மரம் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிற அவளுக்கு, கோட்டயம் வரை எந்த ஹோட்டல் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறது என்பது மனப்பாடம். முகத்தைப் பூசணியாக்குகிற மாத்திரையால் கன்னம் உப்பியபோது, 'மோள் நன்னாயிட்டுண்டு' என்று, உடம்பு தேறிவிட்டதாக ஊரே பாராட்டியது. அவள் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள். இதற்கு மேல் என் கையாலேயே ஒரு வினையை வாங்கிக் கொடுப்பேனா?

இப்போது கேள். கூவைக்கஞ்சி வென்றுவிட்டது! நானே தினமும் காய்ச்சி, அடுக்களையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறேன். திரும்பி வந்தால் பாத்திரம் காலி. டின்சிக்கு வயிற்றுவலி குறைந்துவிட்டது. சோறு இரண்டாம் முறை கேட்கிறாள். பள்ளிச் சுற்றுலாவுக்கு மூணாறு போய்வந்தாள், பஸ்ஸை ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லையாம். வீட்டிலேயே ஒரு ஐசுவரியம், ஆடுகூடப் பெருத்துவிட்டது. கஞ்சி தொடங்கிய புதிதில் ஒரு இருமல் மட்டும் வந்ததாம், அவள் அம்மா லீலாம்மா நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றாள். நானே ஜீப்பில் கூட்டிப் போனேன். படம் சுத்தம். ஆகவே சேச்சி, உன் ஊசியை வெள்ளைக்காரர்களுக்கே வைத்துக்கொள். வேண்டுமானால் கூவைப்பொடி அனுப்புகிறேன், உன் வார்டில் கொடுத்துப் பார்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். அந்தோணியார் உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
குரியாச்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை இல்லை. பழைய சோறு எடுக்கலாமென்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். தயிருக்குப் பின்னால் டின்சியின் பெயர் எழுதிய பெட்டி. உள்ளே பேனா மாதிரி ஊசிகள், சில இடம் காலி. லீலாம்மாவைக் கூப்பிட்டேன். "ஓணம் முடிஞ்சதுமே ஆரம்பிச்சாச்சு. அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு, அவளே கையெழுத்துப் போட்டா. உங்க கஞ்சிய ஆடு குடிச்சுது" என்றாள். எக்ஸ்ரே இருமலுக்கு அல்லவாம். ஊசிக்கு முன்னால் காசநோய் இல்லையென்று உறுதி செய்யவாம். ஜீப் ஓட்டியது நான்!

கத்தலாமென்று வாயைத் திறந்தேன். "கத்துறதுன்னா கதவ மூடிட்டுக் கத்துங்க, குளிர் போகுது" என்றாள். அப்போதுதான் உறைத்தது: இடி விழுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை. மருந்துக் காகிதத்தைத் தேடி எடுத்து, பெரியப்பா வாசிக்காமல் விட்ட கடைசிப் பக்கத்தை வாசித்தேன். குளிரில் இருக்க வேண்டுமாம், உறையவும் கூடாதாம். மீன்காரன் ஜோயியிடம் ஐஸ் வாங்க இதோ மழையில் கிளம்புகிறேன். ஐஸ் நேராகப் படலாமா, துணி சுற்ற வேண்டுமா? இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர நாளாகும். குரல் செய்தி அனுப்பியிருக்கிறேன். முழுதும் கேட்க வேண்டாம் சேச்சி, குறுக்கே பேசு.