இலவசமாய் ஓர் இதய ஆபரேஷன்

துராஸ்னோ ஊரிலேயே கணக்கில் கெட்டிக்காரன் யார் என்று கேட்டால் வால்டெமார் தன் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுவார். அந்த நெஞ்சுக்குள்தான் கோளாறு. அடைப்பு வரக்கூடும், கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது என்று டாக்டரம்மா சில்வேய்ரா சொல்லியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது மனுஷனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. மாத்திரை வாங்காமல் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மாத்திரை எங்கே?" என்றாள் மனைவி நெலிதா, மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே.

"இனிமே வாங்கறதா இல்ல, கிழவி. பக்கத்து வீட்டு ருபேனுக்கு நெஞ்சைப் பிளந்தாங்களே, எவ்வளவு ஆச்சு?"

"ஒரு பெசோகூட ஆகல. அரசாங்க நிதியிலதான் எல்லாம்."

"ஆம்புலன்ஸ்?"

"அதுவும்தான்."

"பாத்தியா. பெரிய ஆபரேஷன் ஓசி. சுண்டைக்காய் மாத்திரைக்கு மாசாமாசம் நான் துட்டு கொடுக்கணும். அதுவும் சாகற வரைக்கும். புத்தியுள்ளவன் எதை எடுத்துக்குவான்?"

மிச்சமாகும் காசில் ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ரெண்டு கிலோ விலாக்கறி வாங்கிச் சுடலாம் என்று மேற்கொண்டு திட்டமும் வைத்திருந்தார்.

நெலிதா வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். இவருடைய அண்ணனும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில், கறி சுடும் அடுப்பு முன்னாலேயே, கையில் இடுக்கியோடு சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் இலவசமாகத்தான் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. அன்றிலிருந்து இவர் மாடிப்படி ஏறினால் அவள் கீழே நின்று மூச்சு வாங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். அவளுக்குப் பயம். இந்த மனுஷனை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆறு மாதமாகவே அவர் மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுவார்; அவள் கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். எதுவும் அந்த மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது.

"எந்த ஊருக்கு?" என்றார் வால்டெமார்.

"தலைநகரத்துக்கு, மொந்தேவிதேயோவுக்கு. ஆபரேஷன் அங்கதானே பண்ணுவாங்க? உனக்கு ரெண்டு பைஜாமா, எனக்கு ரெண்டு நைட்டி எடுத்து வெச்சிருக்கேன்."

"உனக்கு எதுக்கு ஆபரேஷன்?"

"நீ பயந்துடுவேன்னு சொல்லல. எனக்கும் கொலஸ்ட்ரால்தான். ஒளிச்சு வெச்சு மாத்திரை முழுங்கிட்டிருந்தேன். நேத்து நீ கணக்கு சொன்னதும் நிறுத்திட்டேன். ஓசியில கிடைக்கறப்போ நான் மட்டும் எதுக்குச் செலவு வைக்கணும்?"

வால்டெமார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் நெஞ்சை ரம்பம் வெச்சு அறுப்பாங்கடி."

"உன் நெஞ்சை மட்டும் பூவாலயா பிளப்பாங்க?"

"நான் வேற. நான் தாங்குவேன்."

"தாங்கு. ஆனா ரெண்டு பேரும் ஒரேயடியாப் படுத்துட்டா நாய்க்கு யார் சோறு வைப்பா? அதனால முதல்ல நான் போயிட்டு வரேன்."

அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். நெலிதா இல்லாத சமையலறையை ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். அதற்குமேல் நினைக்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. கணக்கும் கத்திரிக்காயும், இவள் போனபிறகு மிச்சம் பிடித்து என்ன செய்ய?

"உன் மாத்திரையை முழுங்கு, கிழவி."

"நீ முழுங்கு, நானும் முழுங்கறேன்."

விழுந்தடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார்.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு மாத்தேவோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் தன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்குவார். அவள் ஒரு குட்டி டப்பாவிலிருந்து ஒன்றை எடுப்பாள். அவர் விடமாட்டார்.

"நாக்கைக் காட்டு. அடியில?"

"முழுங்கிட்டேன்யா."

"ஏமாத்தறவங்க ரொம்பப் பேரு இருக்காங்க. நல்லாத் திற."

மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியைக்கூட அவளுக்காகக் குறைத்தார். கறிக்கடையில், நாற்காலி நெய்யும் ருபேனிடம், தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம், "நான் மட்டும் விழிச்சுக்கலேன்னா என் பெண்டாட்டியை இழந்திருப்பேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. "அவளுக்கும் ரத்தம் எடுங்க" என்று அடம்பிடித்துக் கொடுக்கவைத்தார். நான்கு நாள் கழித்து டாக்டரம்மா சில்வேய்ரா முடிவைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க கொலஸ்ட்ரால் பாதியாக் குறைஞ்சிருக்கு, வால்டெமார் ஐயா."

"என்னுது கிடக்கட்டும். இவளுது எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"அவங்களுக்கா? குறையறதுக்கு ஏறவே இல்லையே. போன வருஷம் இருந்த அதே அளவு. சின்னப் பொண்ணு ரத்தம்."

"அப்போ நீங்க கொடுத்த மாத்திரை?"

"நான் எதுவும் கொடுக்கலையே."

வால்டெமார் திரும்பினார். நெலிதா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே இருந்ததெல்லாம் புதினா மிட்டாய்.

"தொண்ணூறு நாள் உன் நாக்கை நான்..." அவர் டப்பாவைப் பட்டென்று மூடினார்.

"உன்கிட்ட நெசத்தை ஆறு மாசம் சொன்னேன், கேக்கல. பொய்யை ஒரே நாள்தான் சொன்னேன்."

"இனிமே நான் மாத்திரையைத் தொடமாட்டேன்."

"சரி. அப்போ நானும் காலையில உன்கூட உக்கார மாட்டேன்."

அவர் எழுந்து தொப்பியை மாட்டினார்.

திரும்பும் வழியில் மருந்துக்கடை வரிசையில் நின்று அடுத்த மாத மாத்திரைக்குக் காசு கொடுத்தார். புதினா மிட்டாய்க்கும் சேர்த்து.