துண்டு இல்லாத கான்ஸ்டபிள்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. பதுளை டவுன்ல இருந்து மூணு மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டம். அங்க போகணும். பொலிஸ்காரன்னு யாருக்கும் தெரியாம கொஞ்ச நேரம் நிக்கணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஸ்டேசனுக்குத் திரும்பி வரணும்.

அவ்வளவுதான். வண்டி மாடு கூட செஞ்சுட்டு வந்துரும்.

நான் பதினஞ்சு வருசமா கான்ஸ்டபிள். அந்தப் பதினஞ்சு வருசம் பத்தாதாம்! பழைய ஆளுங்களுக்கெல்லாம் மறுபடியும் பாடம் நடத்தணும்னு கொழும்புல இருந்து ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து இறங்குனாரு. பண்டாரவளை வரைக்கும் ரயிலு, அதுக்கப்புறம் குதிரை வண்டி. அந்தக் குலுக்கல்ல வந்த கோவம் வாரம் பூரா அவரு மூஞ்சியில இருந்துச்சு.

மீசை நரைச்ச எங்களப் புடிச்சு பெஞ்சுல உக்கார வெச்சாரு. சல்யூட் அடிக்கிறது எப்படி, காலடித் தடத்த அளக்குறது எப்படி, நோட்டுல எழுதுறது எப்படின்னு காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் பாடம். என் கூட்டாளி செல்லையா ரெண்டாம் நாளே கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கப் பழகிட்டான். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. நான் சல்யூட் அடிச்சா முழங்கை கீழ எறங்குதுன்னு தெனம் நூறு தடவ அடிக்க விட்டாரு.

கடைசிப் பாடம் மாறுவேசம். துரை தமிழ்ல பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவரு. அதனால வாயத் தொறந்தா புஸ்தகம்தான் வரும்.

"வேலு! நாளை நீ தோட்டத்துக்கு மாறுவேடத்தில் செல்ல வேண்டும். எவரும் உன்னை அறிதல் கூடாது. எது நேரினும் நீயாக உன்னை வெளிப்படுத்துதல் கூடாது. நான்கு மணிக்குள் திரும்பாவிடில் நீ தேறவில்லை."

"தேறலன்னா என்னங்க துரை?"

"மடுல்சீமை."

மலைக்காட்டு ஸ்டேசனுக்கு மாத்திருவாராம். மடுல்சீமையில பொலிஸ்காரனுக்குத் தொணை மழையும் அட்டையும்தான். வீட்டுல வந்து சொன்னேன். என் சம்சாரம் அரிசி பொடைக்கிறத நிறுத்தவே இல்ல.

"நீங்க போயிட்டு வாங்க. அட்டைக்கு ரத்தம் குடுக்க என்னையக் கூப்புடாதீங்க" அப்படின்னுட்டா.

ஆக, எப்படியாச்சும் தேறியாகணும்.

மொதல்ல மீசைய எடுத்தேன். சும்மா மீசை இல்லைங்க. காதத் தொடப் போற மாதிரி ரெண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை. அப்புறம் பசார்ல கம்பளிக் கடை வெச்சிருக்கிற முஸ்லிம் பெரியவருகிட்ட போனேன், ஊரே அவர நானான்னுதான் கூப்புடும். என்னைய வருசக்கணக்காத் தெரிஞ்ச மனுசன், பொலிஸ்காரன்னு மரியாதையா 'ராலாமி'ன்னுதான் கூப்புடுவாரு. வெசயத்தச் சொல்லி, பழைய கம்பளி ஒண்ணு, அழுக்குத் தலப்பா ஒண்ணு இரவல் கேட்டேன். குடுத்தாரு. போட்டுக்கிட்டு கடைக்கு முன்னால நடந்து காட்டுனேன்.

"ராலாமி, கம்பளி நல்லம். நடை சரியில்ல" அப்படின்னாரு நானா. "நெஞ்ச நிமித்திக்கொண்டு நடந்தா பொலிஸ்னு கண்ணு தெரியாதவனுக்கும் வெளங்கும். குனிஞ்சு நடங்க. ஆரு முகத்தையும் நேராப் பாக்க வேணாம்."

துரை ஒரு வாரமா சொல்லிக் குடுக்காதத நானா ஒரு நிமிசத்துல சொல்லிக் குடுத்துட்டாரு. தோள்ல தட்டி, "ஆரு கேட்டாலும் நான் ஒங்கள காட்டிக் குடுக்க மாட்டேன்"னு சத்தியமும் பண்ணுனாரு. தங்கமான மனுசன். அந்தத் தங்கம் என்னைய என்ன பாடு படுத்துச்சுன்னு பின்னால சொல்றேன்.

விடியும்போது தோட்டத்துல இருந்தேன். தப்பு மேளம் அடிச்சாச்சு. லயத்து வீட்டு வரிசையில இருந்து சனம் எல்லாம் பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையா நிக்குது. பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிச்சு விடுற எடம் அதுதான். கூட்டத்தோட கூட்டமா நின்னா யாருக்குத் தெரியும்னு நானும் போயி வரிசையில நின்னேன். மூளையப் பாருங்க!

தலப்பாக் கட்டு, கோட்டு, கையில கம்போட ஒருத்தர் ஒவ்வொருத்தனா பாத்துக்கிட்டே வந்தாரு. எனக்கு முன்னால நின்னுட்டாரு.

"டேய், நீ யாரு?"

"கருப்பையாங்க." பேரு மட்டும் முந்தின நாளே யோசிச்சு வெச்சிருந்தேன்.

"எந்தக் கங்காணி ஆளு?"

இத யோசிக்கல. ஆனா பதினஞ்சு வருசம் சர்வீஸ் ஆச்சே, அசந்துருவோமா?

"பெரிய கங்காணி ஆளுங்க."

களமே கொல்லுன்னு சிரிச்சுருச்சு.

"நான்தான்டா பெரிய கங்காணி!"

சிரிப்பு அடங்குறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துச்சு. "துண்டு எங்க?"

துண்டுன்னா, இவன இங்க இருந்து போக விட்டோம்னு பழைய தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டுக் குடுக்குற சீட்டு. அது இல்லாம ஒருத்தன் வேற தோட்டத்துல நின்னா, ஓடியாந்தவன்னு அர்த்தம். ஓடியாந்தவன ஸ்டேசனுக்கு இழுத்துட்டுப் போகணும். இழுத்துட்டுப் போற வேலை யாருக்குன்னு கேக்குறீங்களா? எனக்குத்தான்! எத்தன பேர இழுத்திருப்பேன்னு கணக்கே இல்ல. கம்பளி தேடுனேன், தலப்பா தேடுனேன், துண்டு ஒண்ணு வேணும்கிறது மட்டும் என் மண்டையில ஏறவே இல்ல.

முழிச்சேன். கங்காணிக்கு அந்த முழியே போதும்.

"ஓடியாந்த பய! மத்தியானம் பொலிஸ்ல குடுத்துருவோம். அது வரைக்கும் சும்மா எதுக்கு நிக்கணும்? கான் வெட்ட அனுப்பு!"

கான்னா தேயிலை மலையில மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால். கையில ஒரு மம்பட்டியக் குடுத்துட்டாங்க. நீயா உன்னைய வெளிப்படுத்தக் கூடாதுன்னு துரை சொல்லியிருக்காரே! பல்லக் கடிச்சுக்கிட்டு வெட்டுனேன். பத்து மணிக்குள்ள ரெண்டு கையும் கொப்புளம்.

பக்கத்துல வெட்டிக்கிட்டு இருந்தவன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். "ஏம்ப்பா, மம்பட்டி புடிக்கத் தெரியாம எதுக்குப்பா ஓடியாந்த?"ன்னு கேட்டான். அப்புறம் பாவம்னு நெனச்சானோ என்னமோ, புத்தி சொன்னான்.

"பதுளை ஸ்டேசன்ல ஒருத்தன் இருக்கான், பெரிய மீசை. அவன்கிட்ட மாட்டுனா வாயத் தொறக்காத. நீ என்ன சொன்னாலும், 'எல்லாப் பயலும் இப்படித்தான்டா சொல்லுவான்'னு ஒரு அறை விடுவான். மூளை கிடையாது அவனுக்கு. மீசை மட்டும்தான்."

"அப்படியா?"ன்னேன்.

"சத்தியமா!"

மேல் உதட்டத் தடவிப் பாத்துக்கிட்டேன். எரியுது.

மத்தியானம் கங்காணி கையில கயிறோட வந்துட்டாரு. நாலு மணிக்குள்ள என் பாட்டுக்கு நழுவி ஸ்டேசனுக்குப் போறதுக்கு இனி வழி இல்ல. போதும்டா சாமின்னு வேசத்தக் கலைச்சேன்.

"கங்காணி, நான் பொலிஸ்காரன்! பதுளை ஸ்டேசன் கான்ஸ்டபிள் வேலு!"

"போன மாசம் ஒருத்தன் தபால்காரன்னு சொன்னான். நீ பொலிஸா? எங்க உடுப்பு? எங்க நம்பரு?"

எல்லாத்தையும் ஸ்டேசன்ல வெச்சுட்டுப் போன்னு துரை சொல்லியிருந்தாரே! வேற வழி இல்லாம அந்த மலைச் சரிவுல வெறைப்பா நின்னு ஒரு சல்யூட் அடிச்சேன். கொழுந்துக் கூடையோட போன பொம்பளைங்க எல்லாம் நின்னுட்டாங்க.

"நல்லாத்தான்டா பண்ற! எங்க, இன்னொருக்கா?"

இன்னொருக்கா அடிச்சேங்க. என் புத்திய எதால அடிக்கிறது!

கையக் கட்டி பசார் வழியா இழுத்துட்டுப் போனாங்க. நானா கடை வந்துச்சு. அப்பாடா, உசுரு வந்துச்சு எனக்கு.

"நானா! நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லுங்க!"

நானா என்னைய நல்லா உத்துப் பாத்தாரு. கங்காணியப் பாத்தாரு. தாடியத் தடவுனாரு.

"அல்லா மேல ஆணையா, இந்த மனிசன நான் கண்டதே இல்ல!"

சொல்லிட்டு எனக்கு மட்டும் தெரியிற மாதிரி கண்ணடிச்சாரு. சத்தியத்தக் காப்பாத்துறாராம்! சோதனை இன்னும் நடக்குதுன்னு நெனச்சுட்டாரு. "நானா, சோதனை எல்லாம் முடிஞ்சுருச்சு!"ன்னு கத்துனேன். "என்ன அருமையா நடிக்கிறான்" அப்படிங்கிற மாதிரி தலைய ஆட்டிக்கிட்டே உள்ள போயிட்டாரு. கங்காணி என் பொடதியில ஒண்ணு வெச்சாரு.

சரி, ஸ்டேசன்ல செல்லையா இருப்பான். கூடப் பொறக்காத தம்பி. ஒரே தட்டுல சாப்புட்டவன். அவனுக்கா என்னையத் தெரியாது?

செல்லையா பெரிய புஸ்தகத்துல எழுதிக்கிட்டு இருந்தான். நிமிரல.

"துண்டு இல்லாதவன். கொண்டாந்திருக்கேன்" அப்படின்னாரு கங்காணி.

"பேரு?"

"டேய் செல்லையா, நான்தான்டா வேலு!"

"எல்லாப் பயலும் இப்படித்தான்டா சொல்லுவான்."

நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்த வசனம்! ஒரு எழுத்து மாறல. என் நம்பரச் சொன்னேன். அது இன்னும் மோசமாப் போச்சு. எங்க ராலாமி நம்பரு உனக்கு எப்படிடா தெரியும்னு கேட்டு, பொலிஸ்னு பொய் சொன்னான்னு ஒரு வரி சேத்து எழுதிக்கிட்டான். எழுதி முடிச்சும் நிமிரல. கதவத் தொறந்து உள்ள தள்ளிட்டான்.

கம்பியப் புடிச்சுக்கிட்டு கத்துனேன். மணி மூணு. மடுல்சீமை அட்டை கால்ல ஏறுற மாதிரியே இருந்துச்சு.

மூலையில ஒருத்தன் உக்காந்திருந்தான். "கத்தாதீங்கண்ணே, தொண்டைதான் போகும்"னான். "நானும் மொத ரெண்டு நாளு நெசத்தத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். துண்டு என் மாமியா லயத்துல தகரப் பெட்டியில இருக்கு, வாங்க காட்டுறேன்னேன். அந்த மீசைக்காரன் கேக்கல."

அப்பத்தான் அவன் மூஞ்சியப் பாத்தேன். மூணு நாளைக்கு முன்னால, வகுப்பு முடிஞ்சு ராத்திரி ரோந்துல நான் புடிச்சுட்டு வந்தவன். புடிச்ச அன்னைக்கு நான் அவன் மூஞ்சியவே பாக்கலைங்கிறது அப்பத்தான் தெரிஞ்சுச்சு. வெக்கமாப் போச்சுங்க. கத்துறத நிறுத்திட்டேன்.

நாலு மணி அடிச்சுச்சு. துரை உள்ள வந்து கடியாரத்தப் பாத்தாரு.

"வேலு திரும்பவில்லை. எழுதிக்கொள். மடுல்சீமை."

"துரை! இருக்கேங்க!"ன்னு பாஞ்சு எந்திரிச்சு ஒரு சல்யூட் அடிச்சேன்.

துரை கம்பிகிட்ட வந்தாரு. என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"முழங்கை தாழ்ந்திருக்கிறது. இவன் வேலுதான்."

செல்லையா கையில இருந்த பேனா கீழ விழுந்துச்சு. ரசீதுக்காக பெஞ்சுல காத்துக்கிட்டு இருந்த கங்காணி எந்திரிச்சு நின்னு "ஐயா, தெரியாம நடந்து போச்சுங்கய்யா"ன்னாரு. காலையில 'டேய்', அப்புறம் 'பய', நாலு மணிக்கு 'ஐயா'.

துரைக்கு மட்டும் ஒரே சந்தோசம். "நான்கு மணிக்கு நீ ஸ்டேசனில் இருந்தாய். எவரும் உன்னை அறியவில்லை. வகுப்பில் நீயே முதல்வன்!"

மறுநாள் காலையில யாருகிட்டயும் சொல்லாம அந்த லயத்துக்குப் போனேன். தகரப் பெட்டி இருந்துச்சு. துண்டும் இருந்துச்சு, பழைய தோட்டத்துத் துரை கையெழுத்தோட. கொண்டாந்து காட்டி அந்த ஆள வெளிய விட்டேன். "அண்ணே, நீங்க பொலிஸா?"ன்னு கேட்டான். மேல் உதட்டத் தடவிக்கிட்டே, சீக்கிரம் வீட்டுக்குப் போப்பான்னேன்.

அன்னைக்கு வகுப்பு முடியுது. இந்த வாரம் என்ன கத்துக்கிட்டீங்கன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னாரு துரை. நான் ஒரே ஒரு வரிதான் எழுதுனேன். "ஒருத்தன் துண்டு இருக்குன்னு சொன்னா, அடிக்கிறதுக்கு முந்தி போயிப் பாக்கணும்."

துரை படிச்சுட்டு, செவப்பு மைய எடுத்து அந்த வரிய அடிச்சு விட்டாரு.

"இது நம் பாடத்தில் இல்லை."