பயத்துக்கு நாலு மூலை

மாடிப்படி முழுக்கத் தள்ளுவண்டிகள். ஏறுகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் ஏற வேண்டும். கீழே இருக்கும் டயர் கடைக்காரர், கடைக்கு வருகிறவர்களுக்கு வழியில்லை என்று முதல் வாரம் கத்து கத்தென்று கத்தினார். இரண்டாவது வாரம் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவரே வரிசையில் வந்து நின்றார்.

எல்லாம் முதல் மாடியில் இருக்கும் மூச்சாசானைப் பார்க்கத்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவர் ஏதோ ஒரு கடையில் மசாஜ் நாற்காலி விற்றுக்கொண்டிருந்தார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். பொறாமைக்காரர்கள் சில சமயம் உண்மையும் பேசுவார்கள்.

வாசல் பலகையில் கர்ப்பிணிகளுக்கு யோகா, பிள்ளை பெற்றவர்களுக்கு யோகா, தாயும் குழந்தையும் சேர்ந்து செய்யும் யோகா என்று மூன்று வரி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே ஒரு பயிற்சிப் பெண் இருந்தாள். ஒருக்களித்துப் படுப்பது எப்படி, குனிந்து குனிந்து இறுகிப்போன தோளை எப்படி உருட்டுவது, குழந்தையின் காலைப் பிடித்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி எப்படி மெல்ல ஆட்டுவது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முடிந்ததும் எல்லாரும் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து, யாருக்குத் தூக்கமில்லை, யாருக்குத் தையல் வலிக்கிறது, யாருக்குக் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்று பேசிக்கொள்வார்கள். பாதி வலி அந்தப் பேச்சிலேயே போய்விடும்.

ஆனால் தோளை உருட்டியதற்கும் மனம்விட்டுப் பேசியதற்கும் மாடிப்படி நிறையுமா? ஆசான் கெட்டிக்காரர். கூடத்தின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை போட்டார். மேடையில் தடித்த மஞ்சள் மெத்தை, அதன்மேல் வெள்ளைத் துணி. வீறிட்டு அழும் குழந்தையை அதில் கிடத்திக் கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மூக்கால் ஒரு ரீங்காரம் விடுவார். குழந்தை கப்பென்று அடங்கிவிடும். கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

“தாயோட பயம் குழந்தைக்குள்ள இறங்கியிருக்கு. அதை நான் வெளியே எடுக்கறேன்,” என்பார் ஆசான்.

எடுத்ததற்கு அத்தாட்சியும் வைத்திருந்தார். அந்த வெள்ளைத் துணியை மாதம் முழுக்க மாற்ற மாட்டார். மாதக் கடைசியில் எல்லாரையும் கூட்டி உருவிக் காட்டுவார். குழந்தைகள் கிடந்த இடத்தில் பழுப்பாக ஒரு தடம் விழுந்திருக்கும். “உங்க பயம்,” என்பார். ஈரமில்லை, எண்ணெயில்லை, ஆனால் கறை. இதற்குமேல் என்ன வேண்டும்? கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உண்டு. அதில் ஒருத்தி கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள்.

இந்தக் கூட்டத்தில்தான் இஸ்திரிக்காரியும் வந்து மாட்டிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தேய்க்கிறவள். படுக்கை விரிப்பு, டாக்டர் கோட்டு, தலையணை உறை என்று அவள் கையில் படாத துணி இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. மூன்று மாதம் ஆகிறது. ஓயாமல் அழுதது. அவளுக்கும் முதுகு விட்டுப்போயிற்று. புருஷனின் அக்காதான் இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். அண்ணி நல்ல மனுஷிதான். கேட்டதையெல்லாம் நம்புவாள் என்பதைத் தவிர அவளிடம் வேறு குறையில்லை.

பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்ததில் முதுகு உண்மையிலேயே தேவலையாயிற்று. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அண்ணி விடவில்லை. குழந்தையை மேடையில் கிடத்தியாயிற்று. அழுகை நின்றது. ஆசான் அதை எடுத்து, ஓடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே நின்றிருந்த தாயின் கையில் கொடுத்தார். குழந்தை கூரை அதிர வீறிட்டது. மறுபடி மேடை, மௌனம். மறுபடி தாய், அலறல். மூன்று முறை செய்து காட்டினார். கூட்டம் உச்சுக்கொட்டியது.

தீர்ப்பு உடனே வந்தது. தாயின் கையில்தான் பயம் இருக்கிறது. நாற்பது நாள் அவள் குழந்தையைத் தூக்கக் கூடாது. பாலைக் கறந்து புட்டியில் கொடுக்க வேண்டும். அண்ணி தூக்கலாம். தினமும் மேடைக்குக் கொண்டுவர வேண்டும்.

அன்றிலிருந்து பதினெட்டு நாள். பக்கத்து அறையில் குழந்தை அழும். இவள் கையைக் கட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். மார்பு கனத்துச் சட்டை நனையும். ‘என் கை பட்டாலே அதுக்கு ஆகாதாம்’ என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். அவன், பெரியவர் ஏதோ சொல்கிறாரே, நாற்பது நாள்தானே என்றான். பெற்றவளுக்கு அது நாற்பது நாளா? ஆனாலும் அவள் நம்பினாள். மூன்று முறை கண்ணால் பார்த்தாளே!

குழந்தையின் முதுகில் லேசாக ஒரு சிவப்பு தெரிந்தது. அண்ணி கேட்டதற்கு, பயம் வெளியேறும் வழி அது என்றார் ஆசான். அண்ணி அப்படியே வந்து ஒப்பித்தாள்.

மாதக் கடைசி வந்தது. கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. டயர் கடைக்காரருக்கு முன்வரிசை. ஆசான் கண்ணை மூடினார், திறந்தார், துணியை உருவி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். நடுவில் பழுப்புத் தடம், போன மாதத்தைவிட அழுத்தமாக. நாலைந்து பேர் விசும்பினார்கள். ஆசான் அந்தத் தடத்தில் இன்னும் கறுத்திருந்த ஒரு மூலையைத் தொட்டு, இஸ்திரிக்காரியைப் பார்த்தார்.

“இது உன் குழந்தை கிடந்த இடம், மகளே. நாற்பது நாள் போதாது. இன்னும் மூணு மாசம் அண்ணி வீட்டுக்குப் போய் அங்கேயே வளரட்டும்.”

அண்ணி தலையாட்டினாள். குழந்தைக்குத் துணிமணி எடுத்துவைக்க வேண்டும் என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருப்பாள். இஸ்திரிக்காரி அழ ஆரம்பித்தாள். மூன்று மாதம் கழித்துக் குழந்தைக்கு என் முகம் தெரியுமா என்று நினைத்தாள். அந்தப் பாழாய்ப்போன கறையைக் கிட்டத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முன்னால் போனாள்.

பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். பன்னிரண்டு வருஷத்து மூக்கு. அழுகை அப்படியே நின்றுபோயிற்று.

“ஆசானே, இது கறை இல்லைங்க. கருகல்.”

ஆசான் புன்னகைத்தார், அதைத் தனியாகப் பழகியிருப்பார் போலும். பயத்துக்கு நெருப்பின் குணம் உண்டு என்று விளக்கம் கொடுத்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

“இருக்கட்டுங்க. எங்க சலவைக்கூடத்துல இஸ்திரிப் பெட்டியை மறந்து வச்சா பெட்டி மாதிரியே தடம் விழும். இது பாருங்க, நேரான ஓரம், நாலு மூலை. எங்க குழந்தைங்க யாரும் சதுரமா இல்லைங்களே.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வாரம் ஆறு நாள் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள் அவள், இரட்டைக் குழந்தைக்காரி. வேதியியல்காரி துணியை உற்றுப் பார்த்தாள். இத்தனை மாதமாகக் கண்ணில் ஒற்றியவளுக்கு இப்போதுதான் கண் தெரிந்தது.

இஸ்திரிக்காரி பையிலிருந்து குழந்தையின் துண்டு ஒன்றை எடுத்தாள். குழாயில் நனைத்து, நன்றாகப் பிழிந்து கொண்டுவந்தாள்.

“இந்தத் துண்டுக்கு அம்மா கிடையாது. பயமும் கிடையாது. மேடையில போட்டுட்டு நாம கால் மணி நேரம் பயிற்சி செய்வோம். நீங்க வாசல்கிட்ட நில்லுங்க, கை காட்ட வேண்டாம். துண்டு ஈரமாவே கிடந்தா நான் மூணு மாசம் என்ன, மூணு வருஷம் குழந்தையைத் தொடல.”

ஆசான் ஒப்பவில்லை. மேடை புனிதமானது, ஈரத்துணிக்கெல்லாம் இரங்காது என்றார். இரங்காவிட்டால் அவருக்குத்தானே வெற்றி, பிறகேன் பதறுகிறார் என்று பஸ்காரி கேட்டாள். ஆசானை வாசலோரம் நகர்த்தியதும் அவள்தான். டிக்கெட் எடுக்காதவர்களை இறக்கிவிட்ட பழக்கம்.

துண்டு மேடைக்குப் போயிற்று. பயிற்சிப் பெண் வழக்கம்போல எல்லாரையும் தோளை உருட்டச் சொன்னாள். உருட்டினார்கள், கண் மட்டும் மேடையில். ஐந்து நிமிஷம் போயிருக்கும். ஆசான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பயிற்சிப் பெண்ணைக் கடந்து போகிறவர் மாதிரி போய், அந்த ஓரத்து ஸ்விட்சை நிறுத்திவிடு என்று முணுமுணுத்தார். ரீங்காரம் விட்டே பழகிய மூக்கு. முணுமுணுப்பும் கூடத்துக்கே கேட்டது.

“என்ன ஸ்விட்ச்சுங்க அது?” என்றாள் பஸ்காரி.

பாவம், பயிற்சிப் பெண்ணுக்குச் சூது தெரியாது. “தினம் காலையில நான்தான் போடுவேன் அக்கா. மேடை விளக்குக்குன்னு சொல்லியிருக்கார்,” என்றாள்.

எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் விளக்கே கிடையாது. இத்தனை மாதமாக இல்லாத விளக்குக்கு ஸ்விட்ச் போட்டிருக்கிறாள் அந்தப் பெண். ஆசான் சொல்லிவிட்டால் யார் கேட்பது?

இஸ்திரிக்காரி துண்டை எடுத்து முதலில் தன் கன்னத்தில் வைத்தாள். பிறகு அண்ணியின் கன்னத்தில் வைத்தாள். அடிப்பக்கம் கதகதவென்று பாதி காய்ந்திருந்தது. துண்டு கைமாறிக் கைமாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது. வேதியியல்காரி மஞ்சள் மெத்தையின் உறையைப் பிரித்தாள். உள்ளே, இடுப்பு வலிக்காரர்கள் வைத்துக்கொள்கிற ஹீட்டிங் பேட். பழையது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு உடைந்து, டேப் சுற்றியிருந்தது. மசாஜ் நாற்காலிக் கடையிலிருந்து வரும்போது சன்மானமாக எடுத்து வந்தாரோ என்னவோ.

அவ்வளவுதான் விஷயம். லேசான சூடானாலும் மாதம் முழுக்க ஒரே இடத்தில் பட்டால் துணி பழுத்துக் கருகும். கதகதப்பில் கிடந்தால் எந்தக் குழந்தையும் அடங்கும். அதிலிருந்து பிடுங்கி மின்விசிறிக்குக் கீழே கொண்டுபோனால் எந்தக் குழந்தையும் வீறிடும். இதற்குத்தான் ஒரு தாயைப் பதினெட்டு நாள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள்.

“என் பிள்ளை முதுகுல இருந்தது உங்க பேட்டோட சூடு,” என்றாள் இஸ்திரிக்காரி. குரல் உயரவில்லை. “அதைப் போய் என் பயம்னு சொன்னீங்களே. நீங்க நல்லா இருப்பீங்களா?”

ஆசான் அப்போதும் விடவில்லை. சக்தி தம் வழியாக வந்தாலென்ன, மின்சாரம் வழியாக வந்தாலென்ன, குழந்தை அடங்கியதா இல்லையா என்றார். டயர் கடைக்காரர் பேத்தியின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். அவர் மறுபடி கத்த ஆரம்பித்தது அப்போதுதான். இந்த முறை நியாயமாகக் கத்தினார். ஆசான் படியில் இறங்கும்போது தள்ளுவண்டிகள் வழிவிடவில்லை. அவரும் நண்டு மாதிரிதான் இறங்க வேண்டியிருந்தது.

இந்தக் களேபரத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அண்ணி, இஸ்திரிக்காரியின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டே குழந்தையை நீட்டினாள். இஸ்திரிக்காரி வாங்கினாள். குழந்தை அடங்கிவிட்டதா? இல்லை. இன்னும் பலமாக அழுதது. பதினெட்டு நாள் கழித்துப் பெற்றவள் கையில் வந்தால் அதுவும் நாலு வார்த்தை திட்டாதா? பயிற்சிப் பெண் போய் மின்விசிறியை நிறுத்தினாள். இஸ்திரிக்காரி சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையால் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டாள். “அழுடா கண்ணு, அழு. அம்மா எங்கயும் போகல,” என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். அழுது முடித்துவிட்டுக் குழந்தை பால் குடித்தது. யாரும் ரீங்காரம் விடவில்லை.

பயிற்சி வகுப்பு இன்றும் நடக்கிறது. மேடை இல்லை; அந்த இடத்தில் இன்னும் இரண்டு பேர் கால் நீட்டி உட்காரலாம். பயிற்சிப் பெண்தான் நடத்துகிறாள். தோளை உருட்டுகிறார்கள், பேசுகிறார்கள், குழந்தைகள் இஷ்டத்துக்கு அழுகின்றன.

கதை சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம் புதிதாக வந்த ஒருத்தி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, இஸ்திரிக்காரியைத் தனியாக ஓரம் கட்டினாள். “அந்த ஹீட்டிங் பேட் இப்போ யார்கிட்ட இருக்கு? அத்தனை நாள் ஆசான் கை பட்டதாச்சே, அதுல ஏதாவது இறங்கியிருக்குமில்ல?” என்று கேட்டாளாம்.

ஆசான் எங்கே போனார் என்று தெரியவில்லை. தேடவும் வேண்டாம். இந்த மாதிரி கேட்கிற ஆட்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்களோ அந்தத் தெருவில் மேடைக்குப் பலகை அறுத்துக்கொண்டிருப்பார். அவர் துணியை விரித்து இதுதான் உங்கள் பயம் என்று காட்டும்போது, கும்பிடுவதற்குமுன் ஒரு கையால் மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கள். கும்பிட இரண்டு கையும் வேண்டும் என்பதால்தான் அவர் உங்களை முதலில் கும்பிடச் சொல்கிறார்.