ஞாயிற்றுக்கிழமை விவசாயியின் சீமைக் கத்திரி

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெங்களூர் வைட்ஃபீல்ட் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் லிஃப்டில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் தலையில் வைக்கோல் தொப்பியும் கையில் இன்னும் கடைச்சீட்டு கிழிக்காத களைக்கொத்துமாக ஒருவர் நிற்கக் கண்டால் பயந்துவிடாதீர்கள். வெள்ள நிவாரணத்துக்குப் போகிறவர் அல்ல. நாடகத்துக்கு வேஷம் கட்டியவரும் அல்ல. அவர்தான் ஞாயிற்றுக்கிழமை விவசாயி. பேச்சுக் கொடுக்காதவரை ஆபத்தில்லாத பிராணி.

நீங்கள் கொடுக்காவிட்டால் அவர் விட்டுவிடுவாரா?

“நிலத்துக்குப் போறேன்” என்பார், நீங்கள் கேட்காமலே.

நிலம் என்றதும் நன்செய், புன்செய், பம்புசெட், வாய்க்கால் தகராறு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு வெளியே, அத்திபெலேக்குச் சற்று முன்னால் யாரோ ஒரு புத்திசாலி, ராகி விளைந்துகொண்டிருந்த வயலை வாங்கி, கேக் வெட்டுவதுபோல் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர்ப்பலகை நட்டு, பட்டணத்துக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். அந்தத் துண்டுதான் நிலம். கல்யாண ஜமக்காளம் ஒன்றை விரித்தால் மூடிக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் நிறுத்தப்படும் அவருடைய கார் அதைவிடக் கொஞ்சம் பெரியது. விதைப்பதும் நீர் விடுவதும் களை பிடுங்குவதும் வாடகைக்கு விட்ட கம்பெனியின் ஆட்கள். அப்படியானால் இவர் என்ன செய்கிறார்? இவர் விவசாயம் செய்கிறார்.

அதாவது, இடுப்பில் கைவைத்து நிற்கிறார். மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறார். வானத்தைப் பார்த்து, “இந்த வாரம் ஒரு மழை இறங்கினா நல்லது” என்கிறார். திங்கட்கிழமை அதே மழை வெளிவட்டச் சாலையில் இறங்கி அலுவலக வண்டியை மறித்தால் மாநகராட்சியைத் திட்டுகிறார். ஒரே ஒரு வெண்டைக்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, பிறந்த குழந்தையைப் படம் எடுப்பதுபோல எடுத்து, ‘நம்ம தோட்டத்திலிருந்து’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறார். வாரம் முழுவதும் அந்த வெண்டைக்காய்க்கு இதயம் போட்டவர்கள் யார், போடாதவர்கள் யார் என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார். வெண்டைக்காயோ முற்றிப்போகிறது.

முதல் பருவத்தில் இவர்கள் எல்லாருமே முள்ளங்கி போடுவார்கள். பொட்டலத்தில் இருக்கிற விதை அத்தனையையும் ஒரே நாளில் கொட்டுவார்கள். நெருக்கமாக முளைத்த நாற்றில் பாதியைப் பிடுங்கிக் கலைத்துவிடச் சொன்னால், “உயிர் சார் அது” என்று நெஞ்சில் கைவைப்பார்கள். உயிர்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் முற்றி வீட்டுக்கு வரும். முள்ளங்கி சாம்பார், முள்ளங்கிப் பொரியல், முள்ளங்கிச் சப்பாத்தி, கடைசியில் பிள்ளைகள் சாப்பாட்டு மேசைக்கு வர மறுக்கும்போது அக்கம்பக்கத்து வீடுகள். அழைப்புமணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் வைக்கோல் தொப்பி. கையில் இரண்டு முள்ளங்கி. ஒன்று பாதி பூச்சி தின்றது.

“பூச்சி சாப்பிட்டிருக்குன்னா என்ன அர்த்தம்? விஷம் இல்லைன்னு அர்த்தம்!”

பூச்சியே முழுசாகச் சாப்பிடாமல் பாதியில் எழுந்து போயிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்பதில்லை. மரியாதை தடுக்கிறது. இந்த இனம் பெருகுவதே நம்முடைய மரியாதையால்தான். மறுநாள் லிஃப்டில் பரீட்சை வேறு. “எப்படி இருந்துச்சு? கடை முள்ளங்கிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுதா?” தெரிந்தது என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் இன்னும் இரண்டு வரும்.

சமையலறைக்குள்ளும் நுழைவார்கள். தேங்காய் போடக்கூடாது, மசாலா கூடாது, தாளிப்பு கூடாது. காயின் சொந்த ருசி தெரிய வேண்டுமாம். வெந்நீரில் வெந்த பீர்க்கங்காயைத் தட்டில் வைத்துக்கொண்டு குடும்பமே சொந்த ருசியைத் தேடும். அப்படி ஒன்று இல்லாததால்தான் மனிதன் தாளிப்பைக் கண்டுபிடித்தான் என்று அவரிடம் யார் சொல்வது?

கிளெமென்டிடம் யாரும் சொல்லவில்லை.

கிளெமென்ட் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. ஒக்கலிபுரத்தில் பிறந்து, ரயில் சத்தத்தில் வளர்ந்து, வைட்ஃபீல்டில் பதின்மூன்றாம் மாடிக்குப் போனவர். பாத்தி வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை மாலையே முடித்துவிடுகிறார். ‘ஜீவாமிர்தம்’ என்று சாணியும் கோமியமும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்ததை ஒரு கேனில் ஊற்றிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு போனவர். சர்ஜாபூர் சாலைப் பள்ளம் ஒன்றில் மூடி தெறித்தது. இன்றுவரை அந்தக் காரில் ஏசி போட்டால் ஒரு மாட்டுத் தொழுவம் கிளம்பிவரும். மனைவி டோரதி மெட்ரோவில் போய்வருகிறாள்.

இவருக்கு லவினா என்று ஒரு மகள். லவினாவுக்கு ரயான் என்று ஒருவன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம், ஒரே மதம், இருவருக்கும் வேலை. முறைப்படி பையன் வீட்டார் வந்து பெண் கேட்க வேண்டியதுதான் பாக்கி. வந்து கேட்டுவிட்டுப் போவதில் என்ன தடை?

தடை, ஒரு கொடி.

வைகாசியில் கிளெமென்ட் பாத்திக்குப் போனபோது, கம்பெனி மேற்பார்வையாளன் நரேஷ், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு கன்றை நட்டுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். “இது என்னப்பா?” என்றார். நரேஷுக்கு எந்தச் செடியும் தெரியாது; கன்னடம் வாசிக்கத் தெரியும். பக்கத்தில் செருகியிருந்த குச்சியைக் குனிந்து பார்த்து, “சீமெ பதனெகாயி சார்” என்றான்.

பெங்களூர்த் தமிழனுக்கு யாராவது கன்னடம் கற்றுத்தர வேண்டுமா? பதனெகாயி என்றால் கத்திரிக்காய். சீமை என்றால் வெளிநாடு. ஆக, வெளிநாட்டுக் கத்திரிக்காய். கிளெமென்ட் அங்கேயே போனை எடுத்து வெளிநாட்டுக் கத்திரிக்காய் என்று தேடினார். பச்சையாய், உருண்டையாய் என்னென்னவோ வந்தன. அன்று மாலையே குடும்பக் குழுவில் அறிவிப்பு போட்டார்: ‘நம்ம தோட்டத்தில் சீமைக் கத்திரி. இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது.’ அதற்குக் கீழே இன்னொன்று: ‘லவினாவைக் கேட்டு வரும்போது பிரியாணிக்கு இந்தக் கத்திரிக்காய்தான். காய்க்கட்டும், வரச்சொல்லலாம்.’

பிரியாணி என்றால் பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய் வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மகளின் கல்யாணத்தைக் கொண்டுபோய்க் கொடியில் கட்டுவார்களா? கட்டினார். ஆடி போனது. ஆவணி பிறந்தது. பையன் வீட்டார் மாதாவின் திருநாளுக்கு வரட்டுமா என்றார்கள். பூ விட்டிருக்கிறது, பொறுங்கள் என்றார். அவர்களுக்கோ சந்தேகம்: பெண் வீட்டுக்கு வேறு எங்கேயோ எண்ணம் இருக்கிறதோ? ரயானின் அம்மா ஜூலியா போனில் லவினாவிடமே கேட்டுவிட்டாள்: “ஏம்மா, உங்கப்பாவுக்கு எங்களப் புடிக்கலியா?” லவினா என்ன சொல்வாள்? கத்திரிக்காய் இன்னும் காய்க்கவில்லை ஆன்ட்டி என்றா? சொன்னாள். அந்த வீட்டில் அதை யாரும் நம்பவில்லை, நீங்கள் நம்பியிருப்பீர்களா?

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, கிளெமென்ட் கூடை நிறையக் காயோடு வந்து சாப்பாட்டு மேசையில் இறக்கினார். இளம்பச்சை, பேரிக்காய் வடிவம், அடியில் பொக்கை வாய்போல ஒரு மடிப்பு. டோரதி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னாங்க, இது சௌசௌ.”

“சௌசௌ மாதிரி இருக்கும். அதான் சீமைக் கத்திரி.”

“கூட்டு வைக்கிற சௌசௌங்க. வாரா வாரம் உங்க தட்டுல போடறேன்.”

“நறுக்கிப் போட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கத்திரிக்காய் இல்லன்னா சொல்லு, வேற நாத்து போட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். நமக்கு என்ன அவசரம்?”

அவசரம் இல்லாதவர் குளிக்கப் போனார். லவினா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அம்மா, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன். இது கத்திரிக்காய்தான்னு சொல்லிடு.”

“அடிப்பாவி, பிரியாணிக்கு சௌசௌவா? ஜூலியா வாயில வெச்சதும் துப்பிடுவா. பைத்தியக்கார வீடுன்னு எழுந்து போயிடுவாங்க.”

“இது சௌசௌன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா, எனக்குக் கல்யாணம் அடுத்த வருஷக் காய்ப்புக்குத்தான்.”

சீமெ பதனெகாயி என்பது சௌசௌதான். கன்னடத்தில் அதற்கு அந்தப் பெயர். தமிழ்நாட்டில் இதே காய்க்குப் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று பெயர். பெங்களூர்க்காரன் சீமையிலிருந்து வந்தது என்கிறான். தமிழ்நாட்டுக்காரன் பெங்களூரிலிருந்து வந்தது என்கிறான். எந்த ஊரும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத காய். கத்திரிக்காய்க்கும் அதற்கும் உள்ள உறவு, கிளெமென்டுக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு.

டோரதி மனச்சாட்சி உள்ளவள்; ஆனாலும் மகளுக்காக, இது கத்திரிக்காய்தான் என்று கிளெமென்டிடம் சொல்லிவிட்டாள். அந்த வாரம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, பெயர் மாற்றிப் பரிமாறுவது பாவமா என்று ஃபாதரிடம் கேட்டிருக்கக்கூடும், நமக்குத் தெரியாது. பையன் வீட்டாரை வரச்சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து அரைத்து, புளியை ஊற்றி, சௌசௌவைக் காம்போடு பிளந்து, ஒரு குற்றவாளியைப் போலச் சமைத்தாள்.

பையன் வீட்டார் வந்தார்கள். ரயான், அவன் அம்மா ஜூலியா, அப்பா ஹெர்பர்ட். ஹெர்பர்ட் செருப்பைக் கழற்றும்போதே கிளெமென்டின் பார்வை அவர் கைக்குப் போனது. நகக்கண்ணில் மண்.

“தோட்டம் உண்டா பிரதர்?”

“தேவனஹள்ளி பக்கம் சின்னதா நிலம். வாடகைக்குத்தான். ஞாயித்துக்கிழம போவேன்.”

இனம் இனத்தைக் கண்டுகொண்டது. பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. மண்புழுவைப் பற்றிப் பேசினார்கள்.

இலை போட்டாயிற்று. பிரியாணி வந்தது. பக்கத்தில் எண்ணெயில் மிதந்தபடி அது வந்தது. ஜூலியா ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். லவினா தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இது...” என்றாள் ஜூலியா, “சௌசௌ இல்ல?”

கிளெமென்ட் முகம் கறுக்கத் தொடங்கியது. அப்போது ஹெர்பர்ட், மனைவியைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சிரித்தார்.

“ஜூலி, சும்மா இரு. சௌசௌக்கும் சீமைக் கத்திரிக்கும் வித்தியாசம் தெரியாதவங்க முன்னாடி பிரதர் இதை வெக்கவே கூடாது. நாங்க போன வருஷம் போட்டோம். எங்களுக்கு இவ்வளவு மென்மையா வரல.”

“உப்புத் தண்ணியா இருக்கும்” என்றார் கிளெமென்ட், கண் கலங்க.

“அதேதான் பிரதர்.”

ஜூலியா மெதுவாகத் தலையைத் திருப்பி டோரதியைப் பார்த்தாள். டோரதி ஜூலியாவைப் பார்த்தாள். ஒரே நோயை வேறு வேறு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு குடும்பங்கள் சந்தித்த பார்வை அது. கத்திரிக்காய் காய்க்கவில்லை என்று போனில் இந்தப் பெண் சொன்னது சத்தியவாக்கு என்று ஜூலியாவுக்கு அந்த நொடியில் புரிந்தது.

“இந்தக் கத்திரி இன்னும் எவ்வளவு நாள் காய்க்கும் பிரதர்?” என்றாள்.

“குளிர்காலம் முழுக்கக் காய்க்கும்.”

“அப்ப கோடையில நின்னுடும். கல்யாணப் பந்தியில இது இல்லன்னா எங்க வீட்டுக்காரர் என்னை உயிரோட விடமாட்டாரு. தவக்காலத்துலயும் கல்யாணம் கிடையாது. காய்ப்பு முடியறதுக்குள்ள, கிறிஸ்துமஸ் தாண்டினதும் வெச்சிடணும். புது வருஷத்துல கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாமா?”

“காய் வீணாகக்கூடாது பாருங்க” என்றாள் டோரதி, சட்டென்று பிடித்துக்கொண்டு.

விவசாயிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளைச்சலை வீணாக்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? சரி என்றார்கள். லவினா அன்று மூன்று முறை சௌசௌ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் இலைக்கு இலை சீமைக் கத்திரி. கிளெமென்டும் ஹெர்பர்ட்டும் வரிசை வரிசையாக நடந்து, குனிந்து, “வித்தியாசம் தெரியுதா?” என்று விசாரித்தார்கள். பெங்களூரில் பிறந்து வளர்ந்து, வாரம் தவறாமல் சௌசௌக் கூட்டு தின்று, அதன் தோல் உரிக்கும்போது கை பிசுபிசுக்கும் என்பதுவரை அறிந்த அத்தனை பேரும், தலையை ஆட்டி, “தெரியுது, தெரியுது, கடையில இது கிடைக்காது” என்றார்கள். ஒரு நாக்குக்கூடப் புரண்டு உண்மையைச் சொல்லவில்லை.

நீங்கள் அந்தப் பந்தியில் இல்லை. இருந்திருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்பீர்கள். குச்சியில் எழுதியிருந்ததை நரேஷ் வாசித்த அந்த இடத்திலேயே உங்களுக்கு இது சௌசௌ என்று தெரிந்துவிட்டது. கிளெமென்டைப் பார்த்து அப்போதிருந்தே சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். காயைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெத்த மகிழ்ச்சி. அப்படியானால் சௌசௌவின் பூ என்ன நிறம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

போனைக் கீழே வையுங்கள்.