நான் வாக்கிங் போனேன், ஊர் கேதத்துக்குப் போனது

இலுப்பூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், அறுபது வயதைத் தாண்டிய பொம்பளை ஒருத்தி காலங்காத்தாலே வேகமாக நடந்தால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். டவுன் பஸ் கிளம்பப் போகிறது, இல்லையென்றால் யாரோ செத்துப்போய் அவள் கேதம் சொல்லப் போகிறாள். உடம்பு நன்றாக இருக்கட்டும் என்றும் ஒரு மனுஷி நடப்பாள் என்ற மூன்றாவது காரணத்தை ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான். கொண்டுவந்த லட்சணம் எப்படி என்றால், உயிரோடு உட்கார்ந்திருந்த என் அக்காவுக்கு ஊரைக் கூட்டிப்போய் ஒப்பாரி வைக்க வைத்தேன்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். (ஊரில் மரியாதைக்கு டீச்சர் என்பார்கள். யாருக்கும் அ, ஆ சொல்லிக் கொடுத்ததில்லை, முட்டை அவித்துக் கொடுத்ததோடு சரி.) வேலையில் இருந்தபோது ஒரு மொபெட் வாங்கினேன். அன்றோடு என் கால் தரையை மறந்துவிட்டது. தெருமுனையில் கறிவேப்பிலை வாங்க வேண்டுமா, வண்டி. எதிர்த்த சந்தில் வளைகாப்பா, வண்டி. சர்க்கரை வந்தது, முழங்கால் வலி வந்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டி வந்தது.

என் அக்கா பேச்சியம்மாள் இதற்கு நேர் எதிர். எங்கள் இருவரையும் ஒரே ஊரில்தான் கட்டிக் கொடுத்தார்கள். நான் மேலக்கோடி, அவள் கண்மாய்க் கரையோரம். வாழ்நாள் முழுக்க ஆட்டுக்குப் பின்னால் நடந்தவள். எழுபது வயதிலும் சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வருவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் இதயம் வீங்கிப்போனது. கால் இரண்டும் உப்பி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. நியாயமாகப் பார்த்தால் அது எனக்கு வந்திருக்க வேண்டிய நோய். இதை அந்தச் சாமியிடமே பலமுறை சண்டை போட்டுக் கேட்டிருக்கிறேன்.

திருச்சி டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். பிறகு அக்கா மகன் கருப்பையாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இருக்கிற வரைக்கும் நல்லா பாத்துக்கங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. திரும்பி வந்த மறுநாள் நான் மொபெட்டில் பார்க்கப் போனபோது, வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து கத்தினாள்.

"ஏய் செல்வி, கதவச் சாத்து. வண்டில வர்றவ யாரும் என்னயப் பாக்க வேண்டாம்."

செல்வி அவள் மருமகள். பாவம், கதவில் கையை வைத்துக்கொண்டு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்றே?" என்றேன்.

"நடந்த காலு எனக்குப் போச்சு. நல்ல காலை வச்சுக்கிட்டு நீ அதக் கெடுத்துக்கிட்டு இருக்கே. என்னயப் பாக்கணும்னா நடந்து வா. இல்லாட்டி நான் போனதுக்கப்பறம் வா, அப்ப யாரு தடுக்கப் போறா."

அழுதுகொண்டே வண்டியைத் திருப்பினேன். மறுநாள் நடந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? நான் யாரு! ரேஷன் கடை வரைக்கும் வண்டியில் போய் நிறுத்திவிட்டு, அடிபம்பில் தண்ணீர் பிடித்துக் கழுத்தில் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல் வாயைத் திறந்துகொண்டு போய் நின்றேன். அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். என் பின்கழுத்தில் ஒரு விரலை வைத்துத் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பே இல்லையேடி. இது கொழாத்தண்ணி" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் பரீட்சை. கழுத்தைத் தொடுவாள், நாக்கில் வைப்பாள், கரித்தால்தான் உட்காரச் சொல்லுவாள். "கஞ்சில ஒரு கல்லு உப்பு போட மாட்டேங்கறா இந்தச் செல்வி. ஒங்கழுத்துல இருந்தாச்சும் கொஞ்சம் கெடைக்குதே" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. வந்த மாதிரி காட்டிக்கொள்வேன்.

பரீட்சையில் நான் அடிக்கடி தோற்றேன். காரணம் என் வாய். நாலு வீடு தாண்டினால் ஒருத்தி, "என்ன டீச்சர், எங்கிட்டு?" என்பாள். நின்று பேசி, அவள் மருமகள் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு நகர்வதற்குள் வந்த வேர்வையும் காய்ந்துவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒரு ஜோடி ஷூவும், காதில் சொருகும் இயர்போனும் அனுப்பிவைத்து போனிலேயே உத்தரவு போட்டாள்: "பாட்டக் கேட்டுக்கிட்டு நேராப் பாத்து வேகமா நட. யாரு கூப்பிட்டாலும் நிக்காத, பேசாத."

சரியென்று அப்படியே செய்ய முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்த நாள் இருக்கிறதே, அதுதான் விசேஷம். முந்தின நாள் சாயங்காலம் அக்காவுக்கு மூச்சு முட்டி, காரில் தூக்கிப்போட்டு இலுப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கார் போனதை ஊரே பார்த்தது. ஊசி போட்டு, பொழுது இருட்டியபிறகு அவளைத் திரும்பக் கொண்டுவந்ததை யாரும் பார்க்கவில்லை. செல்வி எனக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னாள்.

எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் கைக்குக் கிடைத்த வெளுத்துப்போன சேலையைச் சுற்றிக்கொண்டு, தலைகூட சீவாமல், காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு கிளம்பினேன். பழைய பாட்டு ஓடியது. நடக்க நடக்கக் கண்ணீர் தானாக இறங்கியது. அக்கா முன்னால் அழுதால் திட்டுவாள், வீட்டில் தனியாக அழுதால் பயமாக இருக்கும். (வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது.) அதனால் நடக்கும்போதே அழுதுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். வேர்வையோடு வேர்வையாகப் போய்விடும்.

ஆக, ஊரார் பார்த்தது இதுதான். தலைவிரி கோலம், வெளுத்த சேலை, கண்ணில் தண்ணீர், ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுத் திசையில் நான். வேறு என்ன நினைப்பார்கள்?

டீக்கடை மாரியப்பன் கையில் கிளாஸோடு வெளியே வந்து என்னவோ கேட்டார். நிற்கக்கூடாதல்லவா, 'அப்புறம் பேசலாம்' என்பதற்காகக் கையை விரித்து ஆட்டிவிட்டுப் போனேன். நான் தாண்டியதும் அவர் ரேடியோவை நிறுத்தி, அடுப்பை அணைத்து, கடைக்குத் தட்டியைச் சாத்தியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சங்கதி.

பிள்ளையார் கோயிலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், விளக்குமாற்றைப் போட்டது போட்டபடி வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் வள்ளிக்கண்ணு. சுற்றுவட்டாரத்தில் அவளைப் போல ஒப்பாரி பாட ஆள் கிடையாது. எனக்கு அந்த அழுகையிலும் ஒரு பெருமை வந்தது பாருங்கள்! 'பரவாயில்லையே, நம்மைப் பார்த்து நாலு பேர் நடக்க ஆரம்பித்துவிட்டார்களே' என்று நினைத்தேன். சும்மா நடந்தால் போதாது, கையையும் வீச வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். அதனால் திரும்பி நின்று, இரண்டு கையையும் நெஞ்சுவரை தூக்கித் தூக்கிக் காட்டினேன். அவர்கள் உடனே நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். இது ஏதோ புது மாதிரி எக்சர்சைஸ் போல என்று எண்ணிக்கொண்டு நான் இன்னும் வேகம் பிடித்தேன். காதில் பாட்டு அலறியது, பின்னால் அலறியது எதுவும் கேட்கவில்லை.

அக்கா வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்தால் மூச்சு முட்டும் என்று விடிந்ததும் வாசலுக்கு வந்துவிடுவாள். வள்ளிக்கண்ணு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என்னப் பெத்த அத்தாச்சி!" என்று அலறியபடி அந்தச் சேரைத் தாண்டி நேராக உள்ளே ஓடினாள். அங்கே கட்டிலில், ஆஸ்பத்திரிக்கு அலைந்த அசதியில் தலையோடு கால் போர்த்திப் படுத்திருந்த கருப்பையா மேல் போய் விழுந்தாள்.

"ஐயோ! யாரு? யாரு?" என்று அவன் போர்வையோடு எழுந்தான். பிணம் எழுந்தது என்று வள்ளிக்கண்ணு போட்ட கூச்சலில் கொட்டில் ஆடெல்லாம் கத்தின.

நான் இயர்போனைப் பிடுங்கினேன். அப்போதுதான் எல்லாம் காதில் விழுந்தது. மற்ற பெண்கள் அதற்குள் சேரில் இருந்த அக்காவைப் பார்த்துவிட்டார்கள்.

அக்கா கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தாள். "யாருடி செத்தது?" என்றாள்.

வள்ளிக்கண்ணுதான் மெதுவாக வெளியே வந்து, "ஒங்களுக்குன்னுதான் வந்தோம் அத்தாச்சி. டீச்சர்தான் அழுதுக்கிட்டு ஓடியாந்துச்சு" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் தலையை, ஷூவை, தொங்கிய இயர்போன் வயரைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, மூச்சு இழுக்கச் சிரித்தாள். சிரிப்பே அவளைக் கொண்டுபோய்விடுமோ என்று நான் நெஞ்சைத் தடவிவிட்டேன்.

"சரி, வந்தது வந்துட்டீங்க" என்றாள் மூச்சு வந்ததும். "வள்ளிக்கண்ணு, எனக்குன்னு என்ன பாட்டு வச்சிருந்தே? பாடு. நானும் கேட்டுட்டுப் போறேன்."

"ஐயய்யோ, உசுரோட இருக்கறவுகளுக்கா? வாய் அழுகிப்போகும் அத்தாச்சி."

"நான் சொல்றேன்ல, பாடுடி."

வள்ளிக்கண்ணு கூச்சத்தோடு தொடங்கினாள். கஞ்சிக் கலயம் தூக்கி வயல் வரப்பில் நடந்தவள் என்று வந்தது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "அது என் ஓரகத்தி. நான் என்னைக்குக் கலயம் தூக்குனேன்? ஆடு ஓட்டி நடந்தவன்னு சொல்லு." வள்ளிக்கண்ணு மாற்றிப் பாடினாள். நடந்த பாதையைப் பாடி, பாதத்தைப் பாடினாள். அக்கா குனிந்து, வீங்கிப் பளபளத்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நிஜமாகவே அழுதோம்.

அவள் மட்டும் அழவில்லை. என்னைக் கிட்டே இழுத்து, கழுத்தில் விரலை வைத்து நாக்கில் வைத்தாள். "இன்னைக்குத்தான்டி சரோசா, சரியான உப்பு" என்றாள்.

அன்று மதியம், அதற்குள் யாரோ போட்ட போனை நம்பிக் கீரனூரிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து அழுதுகொண்டே வந்து, வாசலில் அக்காவைப் பார்த்து மிரண்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என் பெயர் நாறிவிட்டது. அதற்குப் பிறகு நான் தெருவில் இறங்கினால், "டீச்சர், வாக்கிங்கா, கேதமா?" என்று கேட்டுத்தான் விடுவார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டு அத்தனை சந்தோஷம். வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம், தன் கேதத்துக்கு எத்தனை கூட்டம் வந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆடி முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

செல்வி விடியற்காலையில் போன் போட்டு, "சின்னத்தை" என்று மட்டும் சொல்லி அழுதாள். மொபெட் வாசலில்தான் நின்றது. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. ஓடினேன். மாரியப்பன் டீ ஆற்றிக்கொண்டே, "என்ன டீச்சர், இன்னைக்கு ஸ்பீடு கூடுதலா இருக்கு?" என்று சிரித்தார். சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கையை விரித்துக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே கையை விரித்துக் காட்டினார். வள்ளிக்கண்ணு வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கெல்லாம் நாங்க ஏமாற மாட்டோம்ல!" என்று விளக்குமாற்றை ஆட்டினாள். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினேன். யாராவது பின்னால் வர மாட்டார்களா என்று இருந்தது. ஒருத்தரும் வரவில்லை.

அக்காவைச் சேரிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கருப்பையாவும் செல்வியும் நானும் மட்டும்தான். என் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவள் விரலை எடுத்து அதில் வைத்தேன். "நடந்துதான்க்கா வந்தேன், வண்டில வரல" என்றேன். அந்த விரல் சில்லென்று அப்படியே இருந்தது.

அப்புறம் கருப்பையா போய் வீடு வீடாகச் சொல்லி ஊர் வந்தது. வள்ளிக்கண்ணு என் காலைக் கட்டிக்கொண்டு, "தெரியாமச் சிரிச்சுட்டேனே டீச்சர்" என்று கதறினாள். பிறகு பாடினாள். ஆடு ஓட்டி நடந்தவள் என்று ஒரு சொல் பிசகாமல் பாடினாள்.

மொபெட்டைக் கருப்பையாவுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போதும் தினமும் நடக்கிறேன். சர்க்கரை அடங்கியிருக்கிறது, உட்கார்ந்தால் நானே எழுந்துகொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை, ஊராகப் போட்டது. ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும், "வாக்கிங்தான், யாரும் சாகல!" என்று நானே கத்திக்கொண்டு போக வேண்டும். ஒரு வீட்டில் மறந்தால் விளக்குமாறு நின்றுவிடும். என் மகள் போன் போட்டால் முதல் கேள்வியே, "இன்னைக்கு யாரையும் சாகடிக்கலையே?" என்பதுதான்.

கண்மாய்க் கரையில் அக்கா வீட்டு வாசல் வந்ததும் மட்டும் அதைக் கத்துவதில்லை. செல்வி காபி போட உள்ளே போவாள். நான் அந்தப் பிளாஸ்டிக் சேரில், கழுத்தைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.