சாம்பல் குலம் கிளம்பிய இடம்

காட்டேரி ஆட்ட விதிப்புத்தகத்தின் பதிப்பாசிரியர் அவர்களுக்கு வணக்கம். நானும் நலம், என் மூக்குக்கண்ணாடியும் நலம். ஆகவே கீழ்க்கண்ட குறைகள் எதுவும் பார்வைக் கோளாறு அல்ல.

முப்பத்தொரு வருடம் ரயில் கால அட்டவணைக்குப் பிழை திருத்தியவன் நான். வண்டி தாமதமாக வரலாம், வராமலே போகலாம். கிளம்பின ஊரை மட்டும் யாரையும் மாற்ற விட்டதில்லை. தாங்களோ சாம்பல் குலத்து ரத்தக்காட்டேரிகளை மூன்று பதிப்பில் மூன்று இடத்திலிருந்து கிளப்பியிருக்கிறீர்கள். முதல் பதிப்பில், சாவுக்கு மருந்து தேடிய வைத்தியர் ஒருவர் அதைத் தானே குடித்துப் பார்த்துக் காட்டேரியானார். சரி, ஒத்துக்கொண்டேன். இரண்டாவதில் வைத்தியரைக் காணோம், போரில் தோற்ற ராணி வந்து உட்கார்ந்திருக்கிறாள். போகட்டும், ராணியாச்சே என்று விட்டேன். மூன்றாவதில் யாருமே இல்லை. எல்லாரும் தாமாகவே சாம்பலிலிருந்து எழுந்தார்களாம், யாரும் யாரையும் உண்டாக்கவில்லையாம். இதை யாருங்க கேட்டா?

இதனால் என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஆளுக்கொரு காட்டேரி வேஷம் எடுத்துப் பகடை உருட்டி ஆடுகிறோம். நடத்துவது என் மகன். மகள் கல்யாண விஷயத்துல நான் கொஞ்சம் வாயை விட்டுட்டேன், ரெண்டு வருஷமா அவ என்கிட்ட பேசறதில்ல, ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் வருவா. ஆனா ஆட்டத்துல அவளோட காட்டேரிய உண்டாக்கினது என் காட்டேரி. விதிப்படி ஒவ்வொரு வேட்டைக்கும் "தகப்பனாரே, உத்தரவு"ன்னு அவ கேட்டே ஆகணும். வாரம் மூணு தடவையாவது கேப்பா, முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான். எனக்கு அதுவே போதும்னு இருந்தேன். போன வாரம் புதுப் புத்தகத்துல நாப்பத்தொண்ணாம் பக்கத்தை என் முன்னால விரிச்சு வச்சு, "இனிமே நான் யாரையும் கேக்க வேண்டாம்"னு அவ அண்ணன்கிட்ட சொல்லிட்டு பகடையை உருட்டிட்டா. நான் சும்மா இருப்பேனா, சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தையே அடிச்சு, ராணியைத் திரும்ப எழுதிட்டேன். பாத்தா புத்தகம் அவளோடது. தூக்கிக்கிட்டுப் போயிட்டா. மகன் பேனாவைப் பிடுங்கி வச்சிருக்கான், இந்தக் கடிதம் பென்சில்ல இருக்கறதுக்கு அதுதான் காரணம். என் மனைவி "நல்லா வேணும்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ஆகவே நாற்பத்தொன்றாம் பக்கத்தை உடனே நீக்கி, மகளுக்குத் தகப்பனைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அச்சும் ஆயுளும் பிசகாமல் நீடிக்க வாழ்த்தும்,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மகள் போன் பண்ணினாள். "என் புத்தகத்துல நீங்க எழுதினது தப்புப்பா. ரெண்டாம் பதிப்புல ராணி இல்ல, ராணியோட தங்கச்சி." நான் என் முப்பத்தொரு வருஷத்தைச் சொன்னேன். "புதன்கிழமை புத்தகத்தோட நேர்லயே வரேன், பாத்துக்கலாம்"னு வச்சுட்டா. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நாற்பத்தொன்றாம் பக்கம் அப்படியே இருக்கட்டும். நான்காம் பதிப்பில் இன்னும் நன்றாகக் குழப்பவும். என்னிடமுள்ள இரண்டாம் பதிப்பை எடுத்துப் பார்த்தேன், தங்கச்சியேதான். அவளிடம் சொல்லப் போவதில்லை. வந்து காட்டட்டும்.