பிசினுக்குப் பயந்து

கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கத் துடிக்கிற இளவட்டத்திடம் யாரும் மோட்டார் காரை ஒப்படைக்கக் கூடாது. காசிம் முதலாளி ஒப்படைத்தார். பினாங்குத் தெருக்களில் காரை விட ரிக்‌ஷாக்கள்தான் அதிகம் ஓடிய முப்பதுகளில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மசாலா மொத்த வியாபாரம் செய்த அவர் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் வாங்கினார். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி ஜமீலா அக்கா. ஓட்டுவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தது முதலாளி. (இரண்டில் எது நல்ல தேர்வு என்று அந்த வீட்டில் யாரும் விவாதித்ததில்லை. தேவைப்படவில்லை.)

வீடு பர்மா ரோடு பக்கம். காருக்கென்று கட்டிய கொட்டகையில் மிளகாய் மூட்டைகள் குடியேறிவிட்டதால், கார் வாசலில் இருந்த அங்சானா மரத்தடியில் நிற்கும். நிழலுக்கு அதைப் போல மரமில்லை. ஆனால் கிளையை வெட்டினால் ரத்தம் மாதிரி சிவப்பாகப் பிசின் வடியும்.

அந்த வருஷம் ஜமீலா அக்கா நெஞ்சு நோயில் படுத்துவிட்டார். மாடியில் கட்டிலில் இருந்தபடியே வாசலைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதால், ஜன்னலை மறைத்த கிளைகளை முதலாளி வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்திலிருந்து பிசின் நேராகக் காரின் தலையில் சொட்டியது. காய்ந்துவிட்டால் கல். சுரண்டினால் பெயிண்டும் கூடவே வந்துவிடும்.

படுதா போட்டு மூடினேன். மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. (காரை அவர் காடி என்றுதான் சொல்வார்.)

"தம்பி, காடிய ஏன் மூடி வெச்சிருக்கே? நான் பார்க்கிறதுக்கு இங்க வேற என்ன லா இருக்கு?"

படுதாவை எடுத்துவிட்டேன். வேறு இடத்தில் நிறுத்தட்டுமா என்று முதலாளியைக் கேட்டேன். "அவ கண்ணுல படுற இடத்துலயே நிக்கட்டும்" என்றார். பிசின் விழுந்தவுடன் சோப்புத் தண்ணீரால் துடைத்திருந்தால் போதும். பட்டறைக்காரச் சீனர் அதைத்தான் சொன்னார். ஆனால் சோப்பு எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதில் என் மூளைக்கு என்ன வேலை?

தேங்காயெண்ணெயைக் காய்ச்சி அதில் மெழுகுவத்தியை உருக்கினேன். வழுக்க வேண்டுமே என்று விளக்கெண்ணெய் ஊற்றினேன். வெயிலில் வழிந்துவிடக் கூடாதே என்று குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டேன். (குங்கிலியம் என்பதும் பிசின்தான். பிசினைத் தடுக்கப் பிசினையே பூசியவன் மலாயாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) சாயங்காலம் அந்தக் களிம்பைக் கார் முழுக்கத் தடவினேன். கார் கோயில் சிலை மாதிரி மினுங்கியது.

"காடிக்கு எண்ணெய்க் குளியலா தம்பி?" என்று மேலேயிருந்து அக்கா கேட்டார்.

"இனிமே இதுல பிசின் ஒட்டாதுக்கா. எதுவுமே ஒட்டாது."

"எதுவுமேவா?"

"எதுவுமேக்கா."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

அங்சானா பூக்கிற விதம் பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். ஒரே நாளில் மரம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும். மறுநாள் அத்தனையும் கொட்டிவிடும். அன்றைக்கு மரம் பூத்துத்தான் இருந்தது. என் கவனம் முழுக்கப் பிசினில்.

விடிகாலையில் ஜமீலா அக்கா மௌத்தாகிவிட்டார். செய்தி கேட்டு ஓடிவந்தவன் வாசலில் நின்றுவிட்டேன். கரும்பச்சை என்ற நிறமே அங்கே இல்லை. கூரை, முகப்பு, கதவு, மட்கார்டு எல்லாம் மஞ்சள் பூ. நிக்காஹ்வுக்குப் புறப்படத் தயாராக நிற்கும் மாப்பிள்ளைக் கார்.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர்தான் வழிந்தது. பூ அசையவில்லை. கையால் வழித்தேன். இதழ் நசுங்கிக் கையிலும் ஒட்டியது, காரிலும் ஒட்டியது. அதற்குள் முதலாளியின் தம்பி வெளியே வந்தார். காரைப் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

"அண்ணியோட உம்மா பெர்ரியில வராங்க. உடம்பு முடியலைன்னு நேத்தே ஆள் விட்டுச் சொல்லிட்டோம். இது தெரியாது. படகுத்துறை ஜெட்டிக்குப் போய்க் கூட்டிட்டு வா."

போனேன். வழியில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் மணியடித்து வாழ்த்தினார். முச்சந்தியில் மலாய்ப் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி எனக்கு வழிவிட்டுச் சலாம் வைத்தார். பீச் ஸ்ட்ரீட்டில் நம் ஊர்க்காரர் ஒருவர், "மாப்பிள்ளை எங்கே தம்பி?" என்று கேட்டார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டே போனேன். பார்த்தவர்கள், கல்யாண வீட்டு டிரைவருக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவின் தாயார், நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து தனியாகத்தான் வந்திருந்தார். கையில் கஞ்சித் தூக்கு. இறங்கும்போது முகம் செத்துப்போயிருந்தது. காரைப் பார்த்தார். அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"தர்காவுக்குப் போயிட்டு வரியா தம்பி? மருமகன் நேர்ந்துக்கிட்டிருந்தாரே. எழுந்து உட்கார்ந்துட்டாளா?"

வாயைத் திறந்தேன். "மரத்துப் பூ, பெரியம்மா" என்றேன்.

"எந்தப் பூவா இருந்தா என்ன" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வழியெல்லாம் பேசினார். மகளைத் தன்னோடு அழைத்துப்போய் உடம்பு தேற வைக்கப் போவதாகச் சொன்னார். கஞ்சியில் வெந்தயம் கூடிவிட்டதாம், அவள் முகம் சுளிப்பாளாம். நான் எவ்வளவு மெதுவாக ஓட்டியும் பர்மா ரோடு வந்துவிட்டது. தூரத்தில் வீட்டு வாசலில் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. அவர் அதைப் பார்ப்பதற்கு முன் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"பெரியம்மா, அக்கா விடிகாலையிலேயே போயிட்டாங்க."

பின்னால் கஞ்சித் தூக்கைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அப்ப பூ?" என்றார்.

இந்த இடத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொள்வான். நான் விளக்க ஆரம்பித்தேன். பிசின் பெயிண்டை அரிப்பதையும், தேங்காயெண்ணெய் எவ்வளவு, மெழுகுவத்தி எவ்வளவு என்பதையும் சொன்னேன். குங்கிலியம் எதற்கு என்றும் சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை, நிறுத்தினால் அவர் அழுவாரே. மகளை இழந்த தாய் என் களிம்பின் செய்முறை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது பெரியம்மா."

"சரி, வண்டிய எடு."

அடக்கம் முடிந்த பிறகு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பூ வந்தது, கூடவே பெயிண்டும் வந்தது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தக் குடும்பத்தில் அதன் பிறகு எத்தனையோ கல்யாணம். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர், "கார் ஜோடிக்க ஆள் தேட வேண்டாம், நம்ம டிரைவர் மரத்தடியில நிறுத்திடுவார்" என்பார். எல்லாரும் பெரியம்மாவிடம் கதை கேட்பார்கள். அவரும் சொல்வார். ஜெட்டியில் இறங்கியதை, கார் முழுக்கப் பூ இருந்ததை, என் மூஞ்சி இருந்த லட்சணத்தை நடித்தே காட்டுவார். "என் மக பொழைச்சுட்டான்னு ஏறி உட்கார்ந்தேன்" என்பார். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். மீதியை யாரும் கேட்டதில்லை.